இருபத்தேழு குரலில் ஒரு பரவாயில்லை

எங்கள் வகுப்பில் ஒரு விதி இருந்தது. அதை உண்டாக்கியவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் மறைத்துவிட்டான் என்று நினைப்பீர்கள்.

என் பெயர் நவோகி. நான்காம் வகுப்பு இரண்டாம் பிரிவின் தலைவன். எங்கள் ஊரில் பனிக்காலம் வந்தால் பள்ளி மைதானம் முழங்கால் உயரத்துக்குப் பனியால் மூடிப்போகும். அதனால் பிப்ரவரி மாதக் கயிறு தாண்டும் போட்டி உள்ளரங்கில் நடக்கும்.

கயிறு ஒன்றுதான், நல்ல நீளமான கயிறு. இரண்டு பேர் இரண்டு முனையிலும் நின்று சுற்றுவார்கள். மற்றவர்கள் வரிசையாக ஓடி வந்து, ஆளுக்கு ஒரு தாண்டு தாண்டி, அந்தப் பக்கம் வெளியேறி, சுற்றிக்கொண்டு மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். மூன்று நிமிடத்தில் எந்த வகுப்பு அதிகம் தாண்டுகிறதோ அந்த வகுப்புக்கு வெற்றி. யாராவது தட்டினால் கயிறு நின்றுவிடும். மறுபடி சுற்றத் தொடங்குவதற்குள் மூன்று நான்கு எண் போய்விடும்.

எங்கள் வகுப்பில் இருபத்தெட்டுப் பேர். கயிற்றின் ஒரு முனை என்னிடம். மறுமுனை மனாமியிடம்.

மனாமி அதிகம் பேச மாட்டாள். அவள் பென்சில் பெட்டியில் எப்போதும் ஐந்து பென்சில்கள் சீவித் தயாராக இருக்கும். அதில் இரண்டு மற்றவர்களுக்கு. யார் மறந்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்று அவர்கள் கேட்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும். அது எப்படித் தெரிகிறது என்று நான் வெகுநாள் யோசித்திருக்கிறேன்.

இப்போது விதிக்கு வருகிறேன்.

ஜனவரியில் பயிற்சி தொடங்கியபோது எங்கள் வகுப்பு மோசமாக இருந்தது. கயிற்றை யாராவது தட்டினால் உடனே நாலு பேர் "ச்சே" என்பார்கள். ஷுன் என்று ஒருவன் இருக்கிறான். வேகமாக ஓடுவான், அதைவிட வேகமாகக் கோபப்படுவான். ஒருநாள் அவன் திட்டியதில் ஒரு பெண் அழுதே விட்டாள்.

அன்றைய மாலைக் கூட்டத்தில் இதைப் பற்றிப் பேசினோம். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் பத்து நிமிடம் உட்கார்ந்து, அன்று நடந்ததைப் பேசிவிட்டுத்தான் போவோம். எங்கள் ஆசிரியர் குராத்தா சார், "என்ன செய்யலாம்?" என்று எங்களையே கேட்டார்.

நான் கை தூக்கினேன். இனிமேல் யாரும் திட்டக் கூடாது, யார் தட்டினாலும் எல்லோரும் ஒரே குரலில் "பரவாயில்ல" என்று சொல்ல வேண்டும் என்றேன். வகுப்பே கை தட்டியது. தூரிகையால் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தலைமையாசிரியர் காலை வணக்கக் கூட்டத்தில் அதைப் புகழ்ந்து பேசினார். ஒரே வாரத்தில் ஒன்றாம் பிரிவும் எங்கள் விதியைக் காப்பியடித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டில் மூன்று முறை சொன்னேன். நான்காவது முறை என் அக்கா எழுந்து போய்விட்டாள்.

விதி நன்றாகத்தான் வேலை செய்தது. யாரும் அழவில்லை. எல்லோரும் நன்றாகத் தாண்டத் தொடங்கினார்கள், தைச்சியைத் தவிர.

தைச்சி ஒல்லியாக இருப்பான். நண்டுகளைப் பற்றி என்ன கேட்டாலும் சொல்வான். அவன் அப்பாவுக்குத் துறைமுகத்தில் வேலை. வரிசையில் பதினோராவது ஆள் அவன். அவன் முறை வரும்போது கயிறு பெரும்பாலும் நின்றுவிடும்.

"பரவாயில்ல, தைச்சி." இருபத்தேழு பேர் ஒன்றாகச் சொல்லும்போது உள்ளரங்கின் கூரை அதிரும்.

அவன் ஒவ்வொரு தடவையும் குனிந்து மன்னிப்புக் கேட்பான். அடுத்த சுற்றில் மறுபடி தட்டுவான். நாங்கள் மறுபடி சொல்வோம். நாங்கள் எவ்வளவு நல்ல பிள்ளைகள் என்று எனக்கே கண் கலங்கும்.

போட்டி வெள்ளிக்கிழமை. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, பயிற்சி முடிந்து கயிற்றைச் சுருட்டும்போது மனாமி என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நவோகி, எல்லாரும் சேர்ந்து கத்துறத நிறுத்திடலாமா?"

"கத்துறதா? அது ஆறுதல்பா. திட்டு இல்ல."

"தெரியும். ஆனா நீ நிக்கிற எடத்துலருந்து பாத்தா அவங்க முதுகுதான் தெரியும்."

அது உண்மைதான். எல்லோரும் என் தோளை ஒட்டி உள்ளே ஓடுவார்கள், அவளை ஒட்டி வெளியே வருவார்கள். எனக்கு முதுகு, அவளுக்கு முகம். அதற்கும் விதிக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்குப் புரியவில்லை. கொஞ்சம் கோபம்கூட வந்தது. தலைமையாசிரியரே புகழ்ந்த விதியில் இவள் குறை கண்டுபிடிக்கிறாளே.

அன்று மாலைக் கூட்டத்தில் மனாமி கை தூக்கினாள். அவள் கை தூக்குவதே அபூர்வம்.

"பரவாயில்லை விதிய எடுத்துடலாம் சார்."

வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அப்படியானால் திட்டலாமா என்று ஒருத்தி கேட்டாள். மனாமிக்கு என்ன ஆச்சு என்று இன்னொருத்தி முணுமுணுத்தாள்.

குராத்தா சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காரணம் சொல்ல முடியுமா?"

"முடியும் சார். ஆனா இங்க சொல்ல மாட்டேன்."

சார் மேற்கொண்டு கேட்கவில்லை. விதி வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார். இருபத்தேழு கைகள் எழுந்தன. தைச்சியின் கையும் எழுந்தது, முழங்கை மடங்கியபடி, பாதி உயரத்துக்கு.

மனாமி அவன் பக்கம் திரும்பவே இல்லை. காரணத்தைச் சொல்லியிருந்தால் அவள் ஜெயித்திருக்கலாம். சொன்னால் மற்ற எல்லோரும் தைச்சியைத் திரும்பிப் பார்த்திருப்பார்கள். அதனால்தான் வாயை மூடிக்கொண்டு தோற்றாள் என்பது எனக்கு அப்போது தெரியாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் யாரும் அவளோடு சேர்ந்து நடக்கவில்லை. நானும் நடக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் போகும் நேரத்தில் தைச்சி வயிற்றைப் பிடித்துக்கொண்டு மருத்துவ அறைக்குப் போனான். அவன் இல்லாமல் அன்று நூற்று எழுபத்தெட்டு தாண்டினோம். அதுவரை அவ்வளவு வந்ததே இல்லை.

மதியம் சோறும் சூப்பும் வாங்க வரிசையில் நின்றோம். அன்று பரிமாறும் முறை ஷுனுடையது. வெள்ளைத் தொப்பியைக் காது வரை இழுத்துவிட்டுக்கொண்டு, கரண்டியை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"வெள்ளிக்கிழம தைச்சிக்குக் காய்ச்சல் வந்துட்டா நாம நூத்தித் தொண்ணூறு போட்டுடலாம்டா."

அப்படிப் பேசாதே என்று வகுப்புத் தலைவன் சொல்லியிருக்க வேண்டும். நான் சொல்லவில்லை. மனசுக்குள் நானும் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வந்தது.

எனக்குப் பின்னால் தட்டோடு நின்ற மனாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் திட்டவில்லை.

"நாளைக்கு ஒரே ஒரு நாள் எடம் மாத்திக்கலாமா? நான் உன் பக்கம், நீ என் பக்கம்."

"எதுக்கு?"

"சும்மாத்தான். நீதான தலைவன், ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கணும்ல."

தலைவன் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் தலையாட்டிவிட்டேன். என்னைப் பற்றி அவளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது.

புதன்கிழமை தைச்சிக்கு வயிற்று வலி இல்லை, அதனால் பயிற்சிக்கு வந்தான். நான் மனாமியின் இடத்தில் நின்றேன். சார் விசில் ஊதினார்.

இருபத்தாறு முகங்களும் என்னை நோக்கி ஓடி வந்தன. இத்தனை நாளாக அவற்றைப் பார்த்ததே இல்லை என்பது நம்பக்கூட முடியாததாக இருந்தது. ஒருத்தி நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு தாண்டினாள். ஒருவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். எப்போதும் உறுமுகிற ஷுன் தாண்டி முடித்ததும் குழந்தை போலச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் பார்த்ததே இல்லை.

பிறகு தைச்சி வந்தான்.

அவன் கயிற்றைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தான். கயிறு அவன் காலைத் தொடுவதற்கு முன்பே, உள்ளே வருவதற்கும் முன்பே, அவன் உதடு அசைந்துகொண்டிருந்தது. மன்னிச்சிடுங்க, மன்னிச்சிடுங்க என்று சொல்லிக்கொண்டேதான் ஓடி வந்தான். கயிறு காலில் பட்டது.

"பரவாயில்ல, தைச்சி."

அந்தச் சத்தம் விழுந்தபோது அவன் கண் மூடித் தோளைச் சுருக்கினான். கூரையிலிருந்து பனி சரிந்து விழும்போது கீழே நிற்பவர்கள் அப்படித்தான் சுருங்குவார்கள்.

என் கை தடுமாறியது. அந்தப் பக்கம் நின்றால் வெளிப்பக்கம் சுற்றிய கையை உட்பக்கம் சுற்ற வேண்டும். அது எனக்குப் பழக்கமில்லை. கயிறு குழைந்து தரையில் விழுந்தது.

"பரவாயில்ல, நவோகி."

இருபத்தேழு குரல்கள். என் காது சூடாகிவிட்டது. கயிறு சுற்றுகிறவனை யாரும் எதுவும் சொல்வதில்லை. அதனால் நான் உண்டாக்கிய விதி என் மேல் விழுந்தது அன்றுதான் முதல் தடவை. அவசரமாகச் சுற்றினேன். மறுபடி விழுந்தது.

"பரவாயில்ல, நவோகி."

இப்போது எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். அன்பாகத்தான் பார்த்தார்கள். எனக்கு ஓடிப்போய் மெத்தைகள் அடுக்கிவைக்கும் அறையில் ஒளிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இந்தத் தடவை விழவே கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினேன். கயிறு என் கையை விட்டே போய்விட்டது.

"பரவாயில்ல, நவோகி."

"மன்னிச்சிடுங்க" என்றேன். எனக்கே தெரியாமல் குனிந்தும்விட்டேன்.

கயிறு உரசியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. இடைவேளை முடிந்ததும் மருந்து போடப் போனேன். மருத்துவ அறை டீச்சர் என்னை உட்கார வைத்துவிட்டுப் பஞ்சு எடுக்கப் போனார். திரைக்குப் பின்னால் கட்டிலில் யாரோ படுத்திருந்தார்கள். பேச்சுக் குரல் கேட்டது.

"வயிறு நெஜமா வலிக்குதா?" அது மனாமி.

"நெஜமாத்தான் வலிக்குது." அது தைச்சி.

"நம்புறேன்."

அதற்கு மேல் அவள் எதையும் கேட்காமல் சும்மா உட்கார்ந்திருந்தாள் என்று நினைக்கிறேன். சும்மா உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். என்னால் அரை நிமிடம்கூட முடியாது.

பிறகு தைச்சியே பேசினான். "யாராச்சும் திட்டினா பதிலுக்குக் கோவமாச்சும் படலாம். எல்லாரும் அன்பா இருக்காங்க. அப்ப நான் என்ன பண்றது?"

மனாமி "ம்" என்று மட்டும் சொன்னாள்.

நான் சத்தமில்லாமல் எழுந்து வெளியே வந்துவிட்டேன். உள்ளங்கைக்கு மருந்து போட மறந்துபோனது.

மதியம் தைச்சியின் அம்மா வந்து அவனை வீட்டுக்கு அழைத்துப் போனார். அவன் நாற்காலி காலியாக இருந்தது. அன்று மாலைக் கூட்டத்தில் முதல் ஆளாக நான் கை தூக்கினேன்.

"நான் போட்ட விதிய நானே எடுத்துக்கிறேன் சார்."

"காரணம் சொல்ல முடியுமா?" என்று சார் கேட்டார்.

காரணம் என் நாக்கு நுனியில் இருந்தது. தைச்சி என்று தொடங்கப் போனேன். அப்போது பக்கத்து வரிசையில் மனாமி தன் பென்சிலை உருட்டுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு வேறு காரணம் சொன்னேன். அதுவும் உண்மையான காரணம்தான்.

"இன்னிக்கு எனக்கு மூணு தடவ கத்துனீங்க. எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு. ரெண்டாவது தடவைக்கு அப்புறம் கை நடுங்குச்சு. எனக்குப் பிடிக்கல சார்."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் சிரிப்பு அடங்கியதும், கண்ணை மூடிக்கொண்டு தாண்டுகிறவன் மெதுவாகச் சொன்னான், தனக்கும் அப்படித்தான் இருக்கும் என்று. அன்று அழுத அந்தப் பெண்ணும், தனக்கும்தான் என்றாள். ஒவ்வொருவராகத் தலையாட்டினார்கள். இத்தனை பேருக்குப் பிடிக்காத விதிக்குத்தான் நாங்கள் அத்தனை பேரும் கை தூக்கியிருந்தோம்.

"அப்ப என்னதான் சொல்றது?" என்று ஷுன் கேட்டான். "திட்டவும் கூடாது, ஆறுதலும் கூடாது. வாய என்ன பண்றது?"

மனாமி எழுந்தாள். "ஒண்ணும் சொல்ல வேணாம். அடுத்த ஆள் உள்ள வரட்டும். நாம அடுத்த எண்ணைச் சொல்லுவோம். அவ்வளவுதான்."

அது எவ்வளவு எளிமையாக இருந்தது. குராத்தா சார் நாற்காலி போட்டு ஏறி, சுவரிலிருந்த தாளைக் கிழியாமல் எடுத்துச் சுருட்டி என்னிடம் கொடுத்தார். அது இப்போதும் என் வீட்டில் இருக்கிறது.

வியாழக்கிழமை தைச்சி பள்ளிக்கே வரவில்லை.

வகுப்பில் ஒருவர் வராவிட்டால், வீட்டுப்பாடத் தாளைப் பக்கத்துத் தெருக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். தைச்சியின் வீட்டுக்கு அருகில் இருப்பது மனாமிதான். எனக்கு உடனே ஒரு யோசனை வந்தது. எல்லோரும் ஆளுக்கு ஒரு சீட்டில் "உனக்காகக் காத்திருக்கிறோம்" என்று எழுதிக் கொடுக்கலாமே என்றேன்.

மனாமி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "மறுபடியும் இருபத்தேழா?"

நான் எடுத்த வண்ணத் தாள்களைத் திரும்ப அலமாரியில் வைத்தேன். ஒரு பாடத்தை ஒரே தடவையில் கற்றுக்கொள்ளும் ஆள் நான் இல்லை.

ஆனாலும் அவளோடு நானும் போனேன். தைச்சி கதவைத் திறந்தான். காலருகே ஒரு பூனை நின்றது. என்னைப் பார்த்ததும் அவன் பூனையைத் தூக்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டான்.

மனாமி வீட்டுப்பாடத் தாளை நீட்டினாள். நாளைக்கு வருவாயா என்று கேட்கவில்லை. "விதி போயிடுச்சு. இனிமே எண்ணு மட்டுந்தான்" என்றாள்.

பூனைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "யாரு எடுக்கச் சொன்னா?"

"நான்தான்" என்றேன். "மூணு தடவ எனக்கே கத்தினாங்கல்ல."

"நானும் கத்தினேன்" என்றான் தைச்சி.

"நீயுமா?"

"கொஞ்சம் சத்தமாவே கத்தினேன். நாலாவது தடவையும் விடுவன்னு காத்துட்டிருந்தேன்."

பூனை கீழே இறங்கிவிட்டது. அவன் முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தான். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்க நிறைய வார்த்தைகள் தயார் செய்து வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை. இருந்தாலும் ஒரு தடவை கேட்டேன். அவன் பூனையைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

கிளம்பும்போது மனாமி திரும்பி நின்றாள். "தைச்சி, கயித்தப் பாத்தா பயமா இருந்தா பாக்காத. தரையையும் பாக்காத. என் முகவாயப் பாரு. அது மேல போனா நீ வா. போகலன்னா நில்லு. எவ்வளவு நேரம் வேணா நில்லு."

நாங்கள் தெருமுனை திரும்பும்வரை கதவு திறந்தே இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, காலணி அலமாரியின் அருகிலேயே நின்றேன். தைச்சியின் கட்டத்தில் வகுப்புக்குள் போடும் வெள்ளைக் காலணி அப்படியே இருந்தது. வந்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு பனிக்காலணியை அங்கே வைத்திருப்பான். முதல் மணி அடித்தது. அவன் வரவில்லை என்றால் எங்களுக்கு நூற்றுத் தொண்ணூற்றிரண்டு வரும். அந்த எண்ணை நினைத்தால் எனக்கு இப்போது வயிறு வலித்தது.

கயிற்றை உள்ளரங்கில் வைத்துவிட்டு வந்து, இரண்டாம் மணிக்குச் சற்று முன்பு மறுபடி பார்த்தேன். அந்தக் கட்டத்தில் ஒரு ஜோடி பனிக்காலணி. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நான் வகுப்புத் தலைவன் என்பதையும் மறந்து நடைபாதையில் ஓடினேன்.

போட்டியில் முதலில் நாங்கள். மனாமி பழையபடி அவள் இடத்தில், நான் என் இடத்தில். விசில் ஊதியது.

தைச்சி என் தோளருகே வந்து நின்றான். இந்தத் தடவை அவன் தலை குனியவில்லை. நான் கயிற்றுக்கு அப்பால் மனாமியைப் பார்த்தேன். ஒரு சுற்று. அவள் முகவாய் மெல்ல மேலே போனது. அவன் ஓடினான்.

"பதினொண்ணு" என்று எல்லோரும் கத்தினோம்.

இரண்டாம் சுற்றிலும் தாண்டினான். மூன்றாம் சுற்றில் கால் மாட்டிக்கொண்டது. கயிறு நின்றது.

எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தைச்சி பழக்கத்தில் குனியப் போனான். அதற்குள் நானும் மனாமியும் கயிற்றைச் சுற்றிவிட்டோம். அவனுக்கு அடுத்து நின்ற ஷுன், அம்பு மாதிரி உள்ளே பாய்ந்து தாண்டினான்.

"அறுபத்து மூணு." முதல் குரல் ஷுனுடையது. பிறகு எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். தைச்சி குனிவதை விட்டுவிட்டு வரிசைக்கு ஓடினான். ஓடும்போதே அவனும் எண்ணினான்.

நான்காம் சுற்றில் அவன் தாண்டியபோது வந்த எண் எண்பத்தெட்டு. அதற்குப் பிறகு அவன் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. மூன்று நிமிடம் முடிந்தபோது நூற்று எண்பத்தொன்று. கையை உதறினேன். மறுமுனையில் மனாமியும் உதறிக்கொண்டிருந்தாள். அவள் கன்னம் சிவந்திருந்தது. மூன்று நிமிடத்தில் இருபத்தாறு பேரின் முகங்களைத் தவறாமல் பார்த்தவள் அவள். எங்கள் பள்ளியில் அவளைவிடக் கெட்டிக்காரர் யாரும் கிடையாது என்று எனக்கு அப்போது தோன்றியது. இன்றும் தோன்றுகிறது.

அடுத்து ஒன்றாம் பிரிவு. நாங்கள் ஓரமாகத் தரையில் உட்கார்ந்து பார்த்தோம். அவர்கள் நன்றாகத் தாண்டினார்கள். நடுவில் குட்டை முடி வைத்த ஒரு பெண் கயிற்றைத் தட்டினாள்.

"பரவாயில்ல" என்று அவர்கள் வகுப்பே கத்தியது. எங்களிடமிருந்து எடுத்துக்கொண்ட விதி. அவள் குனிந்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்த சுற்றிலும் தட்டினாள்.

"பரவாயில்ல."

மூன்றாம் முறை அவள் முறை வந்தது. கயிறு சுற்றிக்கொண்டே இருந்தது. அவள் உள்ளே போகாமல் தரையைப் பார்த்து நின்றாள். பின்னால் இருந்தவர்கள் தேங்கிவிட்டார்கள். அவள் நின்ற இடத்துக்கு நேர் எதிரே, கயிற்றின் அந்தப் பக்கம், எங்கள் வரிசையின் முனையில் தைச்சி உட்கார்ந்திருந்தான்.

அவன் முழங்காலில் எழுந்து கையை மட்டும் ஆட்டினான். அவள் நிமிர்ந்து பார்த்தாள். யார் இவன் என்பது போலப் பார்த்தாள். அவன் ஒரு சுற்று காத்திருந்தான். பிறகு முகவாயை மெல்லத் தூக்கினான்.

அவள் ஓடி வந்து தாண்டினாள்.

"டேய், அவங்க ஜெயிச்சிடப் போறாங்கடா" என்று ஷுன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தான்.

"தெரியும்" என்றான் தைச்சி. அவன் கண் அந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் அடுத்த தடவையும் அவனைத் தேடினாள். அவனும் காத்திருந்தான்.

ஒன்றாம் பிரிவுக்கு நூற்று எண்பத்து மூன்று. இரண்டே இரண்டு வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனாமி எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டினாள்.

வகுப்புக்குத் திரும்பும்போது ஷுன் கடைசியாக வந்தான். யாருக்கும் முகத்தைக் காட்டாமல் சுவரைப் பார்த்தபடி நடந்தான். அவன் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஏதாவது சொல்லலாம் என்று நான் திரும்பினேன். மனாமி என் சட்டைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

தைச்சி ஏற்கெனவே பின்தங்கி ஷுனோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தான். அவன் முகத்தை ஒரு தடவை எட்டிப் பார்த்தான். கொஞ்ச தூரம் சும்மாவே கூட நடந்தான்.

"பரவாயில்லடா" என்றான் மெதுவாக.

ஒரே ஒரு குரலில் கேட்டபோது, அது நல்ல வார்த்தையாகத்தான் இருந்தது.